படங்களின் இடது ஓரம்

போன கோடை விடுமுறை தொடங்கிய வாரத்தில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். அறுவை சிகிச்சை முடிந்து, சுரங்க டவுன்ஷிப்பில் இருக்கும் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு அழைத்து வந்தபோது, கூடத்தில் ஜன்னலோரமாகக் கட்டிலைப் போட்டோம். வாக்கரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் வரை போய்வருவாள். மற்ற நேரமெல்லாம் படுக்கைதான். டிவி அவளுக்குப் பிடிக்காது. செல்போனில் எதைக் காட்டினாலும், "கண்ணுக்குப் பிடிபடலடி" என்று தள்ளிவிடுவாள்.

ஒருநாள் அவளாகவே கேட்டாள். "நாம ஊர் ஊராப் போனோமே, அந்த ஆல்பம் எங்க இருக்கு?"

பரணிலிருந்து எடுத்தேன். பக்கங்களில் பசைக்கோடுகள் போட்டு, மேலே பிளாஸ்டிக் தாள் மூடிய பழைய மாதிரி ஆல்பம். பசை மஞ்சளாகிப் படங்களைக் கவ்விப் பிடித்திருந்தது. பிளாஸ்டிக்கைத் தூக்கினால் சில படங்களின் முகமும் கூடவே உரிந்து வந்தது. இன்னும் ஒரு மழைக்காலம் இப்படியே கிடந்தால் ஒன்றும் மிஞ்சாது என்று தெரிந்தது.

நான் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை. பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் படங்கள் ஒட்டி ஸ்கிராப்புக் செய்யச் சொல்லிக்கொடுப்பவள். பசை வெளியே தெரியக் கூடாது, ஓரம் நேராக இருக்க வேண்டும், பார்க்கிறவர் கண் முதலில் எந்தப் படத்துக்குப் போக வேண்டும் என்பதை நாம்தான் முடிவுசெய்ய வேண்டும் என்று கத்திக்கொண்டே இருப்பேன். சொந்த வீட்டுப் படங்களுக்கு அப்படி ஒன்று செய்ய இத்தனை வருஷமாக எனக்குத் தோன்றியதே இல்லை. மெயின் பஜாருக்குப் போய் கெட்டி அட்டை, வண்ணத் தாள், இருபக்க டேப் எல்லாம் வாங்கி வந்தேன். அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே மேஜையை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

படங்களைப் பிரிப்பதுதான் பெரும்பாடு. தையல் நூலைப் படத்துக்கு அடியில் கொடுத்து, ரம்பம் மாதிரி மெதுவாக இழுத்து இழுத்து எடுக்க வேண்டும். ஹேர் டிரையரால் சற்றுச் சூடு காட்டினால் பசை இளகும். அம்மா படுத்தபடியே ஒவ்வொரு படத்தையும் வாங்கிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பாள்.

"இது கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக். அன்னிக்கு உனக்கு மூக்கு ஒழுகிக்கிட்டே இருந்துச்சு. உங்கப்பா அவரு மப்ளரைக் கழட்டி உன் தலையில சுத்திவிட்டாரு."

கொடைக்கானலுக்குப் பச்சை, கன்னியாகுமரிக்கு நீலம், ஊட்டிக்கு ஊதா என்று நிறம் பிரித்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பெரிய படம், அதற்குத் துணையாக இரண்டு சின்னப் படம், பாக்கி இடம் காலி. ஆல்பத்துக்குள் கிடைத்த படகுச் சவாரி டிக்கெட்டையும் ஒரு மூலையில் ஒட்டினேன். கொடைக்கானலில் அம்மாவும் பக்கத்து வீட்டு ஆன்ட்டியும் ஒரே நிறத்தில் ஸ்வெட்டர் வாங்கிப் போட்டுக்கொண்டு, ஒரே கம்பளியைப் போர்த்தியபடி சிரிக்கிற படம் ஒன்று. அதைத்தான் பெரிய படமாக வைத்தேன்.

அந்த ஆன்ட்டியும் அவர்கள் மகனும் இல்லாத படமே எங்களிடம் கிடையாது. அப்போது நாங்கள் இருந்தது இரண்டு வீடு ஒட்டிய குவார்ட்டர்ஸ். நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். அப்பா மதுரைப் பக்கத்திலிருந்து டிப்ளமோ முடித்து வேலைக்கு வந்தவர். அங்கிள் இந்த ஊர்க்காரர், சுரங்கத்துக்கு நிலம் கொடுத்து வேலை வாங்கியவர். இரண்டு பேருக்கும் ஒரே ஷிஃப்ட். விடுமுறைப் பயணச் சலுகை வரும்போதெல்லாம் சேர்ந்தே விண்ணப்பித்து, சேர்ந்தே கிளம்புவார்கள். எங்களிடம் கேமரா இல்லை. அங்கிளிடம் இருந்தது. பாண்டிச்சேரியில் வாங்கிய சின்னக் கேமரா. வேறு யார் கேட்டாலும் தர மாட்டார். "நீங்க நில்லுங்க சார், நான் புடிக்கறேன்" என்று அப்பாவை எங்கள் பக்கம் தள்ளிவிட்டு அவரே எடுப்பார். அதனால் அவர் எந்தப் படத்திலும் இல்லை.

அவருக்கு இடது கையில் ஆட்காட்டி விரல் மடங்காது. சின்ன வயதில் பம்ப்செட் பெல்ட்டில் மாட்டி முறிந்து, அப்படியே விறைத்துச் சேர்ந்துவிட்டதாம். கேமராவைப் பிடிக்கும்போது அந்த விரல் நீட்டிக்கொண்டு லென்ஸுக்கு முன்னால் வந்துவிடும். கண் வைத்துப் பார்க்கிற ஓட்டை வேறு இடத்தில் இருப்பதால் அவருக்குத் தெரியாது. படம் கழுவி வந்தால், முக்கால்வாசிப் படங்களில் இடது ஓரத்தில் செம்மஞ்சளாக ஒரு மங்கல் விழுந்திருக்கும். அப்போது அதைப் பார்த்து எல்லோரும் சிரிப்போம். அவரும் சிரிப்பார்.

நான் ஸ்டீல் ஸ்கேலை வைத்து, கட்டரால் அந்த ஓரத்தை வெட்டினேன். ஒரு விரல்கடை அகலம் போனால் படம் சுத்தமாக வந்துவிட்டது. மூன்று பக்கமும் வெள்ளை ஓரம் இருந்து ஒரு பக்கம் இல்லையென்றால் நன்றாக இருக்காது என்பதால் மற்ற பக்கங்களையும் வெட்டினேன்.

அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏன்டி, அது அவரு விரல்தானே. இருந்துட்டுப் போகட்டுமே."

"பக்கம் அழகா வராதும்மா. கண்ணு நேரா அங்கதான் போகும்."

"என்னமோ, நீ படிச்சவ" என்று விட்டுவிட்டாள்.

விடுமுறை முடிவதற்குள் மூன்று ஊர்களின் பக்கங்களும் தயாராகிவிட்டன. எனக்கே பெருமையாக இருந்தது. வந்தவர்கள் எல்லோரும் கடையில் கொடுத்துச் செய்தீர்களா என்று கேட்டார்கள். அம்மா மட்டும் எல்லாவற்றையும் புரட்டிவிட்டு, "இதை அவகிட்ட ஒரு தடவை காட்டிட்டு வாயேன்" என்றாள்.

ஆன்ட்டியைத்தான் சொன்னாள்.

எங்களுக்குள் சண்டை எதுவும் நடந்ததில்லை. நான் பத்தாவது படிக்கும்போது அப்பாவுக்குப் பதவி உயர்வு வந்தது, வேறு பிளாக்கில் பெரிய குவார்ட்டர்ஸ் கிடைத்தது, போனோம். சைக்கிளை மிதித்தால் கால் மணி நேரத்தில் போய்விடக்கூடிய தூரம்தான். லாரியில் சாமான் ஏற்றிய அன்று இரண்டு அம்மாக்களும் அழுதார்கள். பிறகு பொங்கலுக்கு நாங்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம், பிறகு கல்யாணங்களில் பார்த்துக்கொண்டோம். அங்கிள் ஓய்வு பெற்று, முத்தாண்டிக்குப்பத்தைத் தாண்டி அவர்கள் ஊரில் வீடு கட்டிக்கொண்டு போனார்கள். அப்பா தவறியபோது அங்கிள் வந்து வாசலிலேயே நாள் முழுக்க நின்றிருந்தார். அதன் பிறகு அங்கிளும் போய்விட்டார். இரண்டு வருஷம் இருக்கும். அந்தப் பக்கத்திலிருந்து எங்கள் பள்ளிக்கு வரும் ஆயா ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. அதற்குள் காரியமே முடிந்திருந்தது. விடைத்தாள் திருத்துகிற சமயம். ஞாயிற்றுக்கிழமை போய் ஆன்ட்டியைப் பார்த்துவிட்டு வரலாம் என்றேன். அந்த ஞாயிறும் போனது, அடுத்ததும் போனது. பிறகு, இத்தனை நாள் கழித்துப் போய் என்ன சொல்வது என்கிற கூச்சம் வந்துவிட்டது.

இப்போது கையில் காட்டுவதற்கு ஒன்று இருந்தது. அந்தத் தைரியத்தில்தான் போனேன். பக்கங்களைத் துணிப்பையில் போட்டு ஸ்கூட்டரில் முன்னால் வைத்துக்கொண்டு, முந்திரித் தோப்புகளுக்கு நடுவே விசாரித்து விசாரித்துப் போய்ச் சேர்ந்தேன். ஆன்ட்டி வாசலில் பலாக்கொட்டை காயவைத்துக்கொண்டிருந்தார்கள். நிமிர்ந்து பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"பாப்பாவா? அடி ஆத்தே, தலையெல்லாம் நரைச்சிகினு வந்து நிக்கறியே! வா, வா, வூட்டுக்குள்ள வா."

அங்கிளின் படம் சுவரில் மாலையோடு மாட்டியிருந்தது. அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கியது. முகம் கலங்கி, யாரோ மாதிரி இருந்தார். வர முடியாமல் போனதைப் பற்றி நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன்.

"அத்த வுடு. நீயின்னா வேணும்னேவா இருந்த. அம்மா எப்பிடி இருக்காங்க, அத்தச் சொல்லு" என்றார்கள் ஆன்ட்டி.

அம்மா விழுந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர்கள், நான் பையிலிருந்து பக்கங்களை எடுத்ததும் கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கினார்கள். கொடைக்கானலைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்த ஸ்வெட்டரில் மூட்டைப்பூச்சி இருந்ததாம், வந்து வெந்நீரில் போட்டார்களாம். கன்னியாகுமரியில் மகன் தொலைந்துபோய்க் கிடைத்த கதையைச் சொன்னார்கள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் திரும்ப முதல் பக்கத்துக்கு வந்தார்கள். ஒரு படத்தை விரலால் தடவினார்கள். அடுத்த படத்தையும் தடவினார்கள்.

"அவுரு வெரலு எங்க பாப்பா?"

எனக்கு உடனே புரியவில்லை. "என்னது ஆன்ட்டி?"

"வெரலும்மா. இந்த ஓரமா செவப்பா வுழுமே, எல்லா போட்டோலயும். அவுரு இதுல எங்கியும் கெடையாது, அந்த வெரலுதான் இருக்கும். ஊட்டிப் படத்துல நல்லாத் தெரியும். அதுலயும் காணமே."

பக்கத்தில் ஒட்டுவதற்காக ஓரத்தைக் கொஞ்சம் வெட்ட வேண்டியிருந்தது என்று சொன்னேன்.

"ஓ, வெட்டிட்டியா" என்றார்கள். அவ்வளவுதான். கோபமில்லை. பக்கங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, தட்டி நேராக்கி என்னிடம் கொடுத்தார்கள். "நல்லாதான் பண்ணியிருக்க. கல்யாண மேட மாதிரி இருக்குது."

"உங்ககிட்டயும் ஒரு செட் இருக்குமே ஆன்ட்டி? அங்கிள் ரெண்டு ரெண்டாத்தானே போடுவாரு."

"இருந்துது. முந்திரி மரம்லாம் சாஞ்சிதே, அந்தப் புயல்ல கூர பறந்துடுச்சி. பொட்டி நெறய தண்ணி. போட்டோ, பிலிம் சுருள், எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிகினு கூழாப் போச்சி. அவுருதான் கொண்டும்போயி மரத்தடியில கொட்டிட்டு வந்தாரு. போனாப் போவுது, சார் வூட்ல ஒரு செட்டு பத்திரமா இருக்குது, அப்பறமா வாங்கிக்கலாம்னு சொல்லிகினே இருந்தாரு."

திரும்பி வரும்போது வழியில் எங்கும் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் மேஜைக்கு அடியிலிருந்த குப்பைக்கூடையைப் பார்த்தேன். காலி. வெட்டிய துண்டுகளையெல்லாம் வாரிப் பழைய செய்தித்தாளில் சுருட்டி, அந்தந்த வாரமே குப்பை வண்டியில் போட்டது நான்தான். ஆனாலும் மேஜை இழுப்பறை, பசை டப்பா, பாயின் அடி என்று எல்லா இடத்திலும் தேடினேன். அம்மா படுக்கையிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நானே சொன்னேன். அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நான் அன்னிக்கே இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கணும்" என்றாள்.

மைசூர் படங்கள் மட்டும் இன்னும் பிரிக்காமல் ஆல்பத்திலேயே இருந்தன. அது நாங்கள் சேர்ந்து போன கடைசிப் பயணம். ஆல்பத்தின் கடைசிப் பக்கங்கள் என்பதால் அவற்றுக்குத்தான் ஈரம் அதிகம் ஏறியிருந்தது. நூலை வைத்து இழுத்ததில் பாதிப் படங்கள் கிழிந்தன. நான்கைந்துதான் முழுதாக வந்தன. பிருந்தாவனத்து விளக்கு வெளிச்சத்தில் எடுத்த படத்தில், ஃபிளாஷ் பட்டு அவர் விரல் படத்தின் கால்வாசியை மறைத்திருந்தது. ஆன்ட்டியின் தோள் வரை வந்து நின்றிருந்தது. சாதாரணமாக இருந்தால் அந்தப் படத்தைத்தான் முதலில் ஒதுக்கியிருப்பேன். ஒன்றையும் வெட்டாமல், மங்கலும் கறையும் அப்படியே இருக்க, ஆன்ட்டிக்கென்று தனியாக ஒரு பக்கம் செய்தேன். அதற்கு எனக்கு இரண்டு நாள் பிடித்தது. எத்தனை முறை அடுக்கினாலும் சரியாக உட்காரவில்லை.

நான் கொண்டுபோய்க் கொடுப்பதற்குள் ஆன்ட்டியே பஸ் பிடித்து அம்மாவைப் பார்க்க வந்துவிட்டார்கள். கையில் தூக்குவாளி நிறையப் பலாச்சுளை. அம்மா கட்டிலில் எழுந்து உட்கார முயன்றாள். "படுங்கக்கா, படுங்க" என்று ஆன்ட்டி தோளைப் பிடித்துப் படுக்கவைத்தார்கள். இருவரும் கொஞ்ச நேரம் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, சுகர் எவ்வளவு, பிரஷர் எவ்வளவு என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் மைசூர் பக்கத்தை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன்.

ஆன்ட்டி அதை மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தார்கள். பிறகு நகத்தால் பிருந்தாவனத்துப் படத்தின் மூலையை மெதுவாக நெம்பி, டேப்போடு சேர்த்து உரித்தெடுத்தார்கள். அதைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள்.

"இது போதும் பாப்பா. மத்தத நீயே வச்சிக்க. நீ பாடுபட்டுப் பண்ணது."

அம்மா திடீரென்று கேட்டாள். "ஏன்டி இத்தனை வருஷமா நீ இந்தப் பக்கமே வரல?"

"வந்தனே. நீங்க புது வூடு போன அந்த மாசமே வந்தனே."

"அதுக்கப்புறம்?"

ஆன்ட்டி தூக்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்கள். "தப்பா எடுத்துக்கக் கூடாதுக்கா. அந்த வூட்ல என்னிய சோபால உக்கார வச்சீங்க. பாப்பா தட்டுல பிஸ்கோத்து வச்சிகினு வந்துது. நீங்க எதுர்ல உக்காந்துகினு, அப்பறம் என்ன விசேஷம்னு கேட்டீங்க. நான் அதுக்கு முன்ன உங்க வூட்ல எங்க உக்காந்தேன்? அடுப்படியில அருவாமணகிட்டதான உக்காந்தேன். நான் தட்டுல வச்சத துன்னுட்டுக் கெளம்பிட்டேன். அவுருகிட்டகூடச் சொல்லல."

தட்டை நீட்டியது எனக்கு நினைவிருக்கிறது. புதிதாக வாங்கிய தட்டு, பூப்போட்டது. அதில் பிஸ்கட்டுகளை விசிறி மாதிரி அடுக்கி எடுத்துக்கொண்டு போனேன். அப்போது வீட்டுக்கு வந்த ஆபீஸர் வீட்டு அம்மாக்களுக்கெல்லாம் அப்படித்தான் கொடுத்தோம். ஆன்ட்டிக்கும் கொடுத்தோம்.

"உன்ன பெருமையா உக்கார வைக்கணும்னுதான்டி நெனச்சேன்" என்றாள் அம்மா.

"தெரியும்க்கா. அப்பவே தெரியும். ஆனா வரத் தோணல."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்பவாவது உள்ள போயி நீயே ஒரு காபி போட்டுக் குடி. எனக்கும் ஒரு வாய் போடு."

"நான் காபி வுட்டு வருஷமாவுதுக்கா. வவுறு ஏத்துக்க மாட்டேங்குது" என்றார்கள் ஆன்ட்டி.

நான்தான் போய் இருவருக்கும் மோர் கலந்து எடுத்துவந்தேன். தட்டில் வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் டம்ளர்களைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தேன்.

சாயந்திரம் பஸ் ஏற்றிவிட்டேன். அடுத்த வாரம் வருகிறேன் என்றேன். "வேலயப் பாத்துகினு வா" என்றார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்ததும் பையைத் திறந்து கைக்குட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பஸ் நகர்ந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

மழைக்கு முன்னால் அம்மா வாக்கர் இல்லாமல் நாலெட்டு வைக்கிற அளவுக்குத் தேறினாள். ஆட்டோ வைத்து ஆன்ட்டி வீட்டுக்குப் போகலாம் என்று பிடிவாதம் பிடித்தாள். போன் செய்துவிட்டுப் போவோம் என்றேன்.

"வேணாம். சொல்லிட்டுப் போனா விருந்தாளி மாதிரி ஆயிடும். என்னிக்காவது நாங்க சொல்லிட்டா போனோம்?"

வழி நெடுகப் பள்ளம். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டாள். போய்ச் சேர்ந்தால் கதவில் பூட்டு. எதிர் வீட்டில் கேட்டேன். திருப்பூரில் இருக்கும் மகன் வந்து முந்தாநாள்தான் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான், எப்போது வருவார்கள் என்று தெரியாது என்றார்கள். அப்போதுதான் செல்போனில் அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

அம்மா ஆட்டோவை விட்டு இறங்கவில்லை. தலையை மட்டும் வெளியே நீட்டி வீட்டைப் பார்த்தாள். வாசல், பலா மரம், கொடியில் மறந்துபோய் விட்ட ஒரு துண்டு. "சமையக்கட்டு எந்தப் பக்கம்டி?" என்று கேட்டாள். இடது பக்கம் என்று காட்டினேன். அந்தப் பக்கம் ஒரு சின்ன ஜன்னல் சாத்தியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டோக்காரர் என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன்.

"சரி, திருப்பச் சொல்லு" என்றாள்.